பாடல் நூலை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தெருக்கூத்துக் குழுவினரும் கோயில் பஜனைக் குழுவினரும் தங்கள் பாட்டுகளைச் சொந்தச் செலவில் குறுந்தகடாக வெளியிடுவது வரவேற்கத்தக்கதே. ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும். தப்பு என்னும் தோற்பறையைக் காய்ச்ச உள்ளே தீ மூட்ட விடமாட்டார்கள். வெளியே காய்ச்சிக் கொண்டுவந்தாலும் ஆறியதும் தோல் தொய்ந்துவிடும் என்பதால், பாட்டுக்குப் பாட்டு வாசலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இப்படிப் பணம் கரைந்தபின் முதலில் வெட்டப்படுவது தகட்டுடன் வைக்க வேண்டிய பாடல் நூல்தான். நாட்டுப்புறப் பாடல் தொகுப்பில் வெட்டவே கூடாதது அது என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்களின் பாட்டுகள் வாய்மொழியாகவே இறங்கி வந்தவை. இன்று பாடுவோரில் பலர் தமிழ் எழுத்து அறியாமல், ஆங்கில எழுத்தில் குறித்துவைத்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே பாடுகிறார்கள். ஆகவே இரண்டு எழுத்தும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பது அவசியம். அச்சுக்குக் கொடுக்கும்முன் படித்தவர் ஒருவரைக் கொண்டு சொற்களைத் திருத்திவிடும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். பாட்டி பாடியது ஒன்று, அச்சில் வந்தது வேறொன்று என்றால் கேட்பவர் எதை நம்புவார்? பாடியபடியே அச்சிட்டு, ஐயம் இருந்தால் அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

"மரபுப் பாடல்" என்று ஒரு வரி போட்டால் கடமை முடிந்துவிடாது. பாடியவர் யார், தப்படித்தவர் யார், யாரிடம் கற்றார்கள் என்பதெல்லாம் அந்நூலில் இடம்பெற வேண்டும். பாட்டு ஊர்ச் சொத்தாக இருக்கலாம், குரல் அப்படியல்ல. பாடுபவரின் இசைவின்றி அவர் பாட்டைப் பதிவு செய்யக்கூடாது என்கிறது இந்நாட்டின் 1967-ஆம் ஆண்டுக் கலைஞர் பாதுகாப்புச் சட்டம். நம் வீட்டுப் பெரியவர்தானே என்று இருந்துவிடாமல், கையெழுத்து வாங்கி, வருவாயில் அவர் பங்கையும் முன்னதாகவே பேசிக்கொண்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

இணையத்தில் ஏற்றினால் போதாதா என்று கேட்பார்கள். பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் அங்கே தெரியுமே தவிர, இத்தகைய நூலைச் சேர்த்துவைக்கப் பெரும்பாலும் வழியில்லை. ஆலையில் தகடு அடிப்பதென்றால் கண்ணாடி மூலத்தகடும் உலோக அச்சும் செய்தாக வேண்டும் என்பதால், சில நூறு பிரதிகளுக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. கணினியில் எழுதும் தகட்டின் சாயப்பூச்சோ வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுவிடும். டர்பன் கோடையில் காருக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். கைக்காசு அவ்வளவுதான் என்றால் தகட்டை வீட்டிலேயே எழுதிக்கொள்ளட்டும், நூலை மட்டும் அச்சகத்தில் அடிக்கட்டும்.

இங்கு வெளியிடப்படும் ஒலிப்பதிவுகளின் பிரதிகளை ஒப்படைப்பது 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அவற்றைப் பாதுகாக்கும் தேசியத் திரைப்பட, காணொளி, ஒலி ஆவணக் காப்பகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது. தைப்பூசக் காவடி நாளில் கோயில் வாசலில் விற்கக் கட்டுப் பிரிக்கும் முன்பே, நூலுடன் கூடிய பிரதிகளை அதற்கென எடுத்துவைத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.