பேய்கள் குருட்டாம்போக்கில் அலைவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய வீடியோ கேம்களைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. முதல் இரண்டு பக்கங்களைச் சந்தோஷமாகத்தான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், வாயைத் திறந்து மூடும் மஞ்சள் வட்டத்தைச் சந்துபொந்துகளில் ஓட்டும் பேக்மேன் ஆட்டம் வந்தது. “குருட்டாம்போக்கில் அலையும் நான்கு பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்ன வேண்டும், அவ்வளவுதான், இன்றும் இதை ஆடுகிறார்கள் என்றால் அது மலரும் நினைவுகளின் மகிமை” என்று ஒரு வாக்கியம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

நான் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக முப்பத்தோரு வருடம் ஓடியவன். 1981-ல் எங்கள் கப்பல் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் ஆறு நாள் நின்றது. வெளியே ஒரு சின்ன காபிக் கடை. அங்கே மேசையே விளையாட்டுப் பெட்டி. கண்ணாடிக்கு அடியில் திரை, கண்ணாடிக்கு மேல் காபிக் கோப்பை. ஓர் ஆட்டத்துக்கு நூறு யென். ஜப்பானில் பேக்மேனுக்கு அப்போது ‘பக்மேன்’ என்றுதான் பெயர். அமெரிக்காவில் யாராவது முதல் எழுத்தான P-யைச் சுரண்டி F ஆக்கிக் கெட்ட வார்த்தையாக்கிவிடுவார்கள் என்று பயந்துதான் பேக்மேன் ஆக்கினார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா என்ன.

முதல் நாள் எட்டு நாணயம் போயிற்று, அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து ஆபீஸ் பெண் ஒருத்தி, சீருடையோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், என் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து இடம் கொடுத்தேன். இளஞ்சிவப்புப் பேய் எதிரே வந்தது. நானாக இருந்தால் திரும்பி ஓடியிருப்பேன். அவள் நேராக அதன் முகத்துக்கே போனாள். போய் முட்டப்போகிறது என்று நினைத்தேன். நடுவில் ஒரு சந்தி வந்தது, பேய் பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விட்டது! அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு விரலை எதிரெதிரே கொண்டுவந்து ஒன்றை வளைத்துக் காட்டினாள். எனக்கு ஜப்பானியம் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது.

அந்தப் பேய் பேக்மேன் நிற்கும் இடத்தைக் குறிவைப்பதில்லை ஐயா. அவன் வாய் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கிறது. கிட்டத்தில் எதிரெதிரே வந்தால் அந்த இடம் பேயின் முதுகுக்குப் பின்னால் விழுகிறது. அதனால் அது விலகுகிறது. சிவப்பு மட்டும்தான் தூரத்திலும் கிட்டத்திலும் நேராகத் துரத்தும். புள்ளிகள் குறையக் குறைய அதன் வேகமும் கூடும். நீலம் சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்வரை சூரன். எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்கு ஓடிவிடும். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜப்பானியத் திரையில் இந்த நான்குக்கும் துரத்துபவன், பதுங்கியிருப்பவன், மனம்போன போக்கன், அசடு வழிபவன் என்ற பொருளில்தான் பெயரே போட்டிருக்கும். நான்கும் சேர்ந்தாற்போல எப்போதும் துரத்துவதும் இல்லை. முதல் சுற்றில் ஏழு விநாடி தத்தம் மூலைக்குப் போகும், இருபது விநாடி துரத்தும், மறுபடி மூலை. ஆடுபவனுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துக் கழுத்தைப் பிடிக்கிற வித்தை அது. ஆடுபுலி ஆடத் தெரிந்த எந்தக் கிழவியிடம் சொன்னாலும் இது புரியும். தங்கள் கட்டுரையாளருக்கு இது ‘குருட்டாம்போக்கு’.

பேக்மேன் பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் எல்லாம் நீலநிறமாகி ஓடும்போது மட்டும் சந்திகளில் சீட்டுக் குலுக்கினதுபோலத் திரும்பும், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சீட்டுகூட ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே வரிசையில்தான் விழும். அதனால்தான் ஒரே பாதையை மனப்பாடம் செய்து மணிக்கணக்கில் ஆடியவர்கள் இருக்கிறார்கள். 256-ஆம் சுற்றில் சுற்று எண்ணிக்கை எட்டு பிட்டுக்குள், அதாவது 255 வரை மட்டுமே எண்ணக்கூடிய இடத்துக்குள், அடங்காமல் திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாகிவிடும். அதுவரை போனவர்களை நான் கும்பிடுகிறேன். நான் ஒன்பதைத் தாண்டியதில்லை.

இன்னொன்று. அந்தக் கடையில் அந்தப் பெண் உட்கார்ந்தது தற்செயல் இல்லை. நாம்கோ கம்பெனியில் இதை வடிவமைத்த தோரு இவாதானிக்கு 1980-ல் வயது 25. விளையாட்டுக் கூடம் என்றால் சுடுவதும் வெடிப்பதும் ஆண்பிள்ளைக் கூட்டமுமாக இருக்கிறதே, பெண்களும் ஜோடிகளும் வரட்டும் என்றுதான் சாப்பிடுவதை மையமாக வைத்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அவர்களும் மலரும் நினைவில் மயங்கித்தான் சேர்த்தார்களோ?

தாங்கள் இப்படிச் செய்வது முதல் தடவை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கட்டுரையில் கப்பல் கேப்டனை ‘கப்பல் டிரைவர்’ என்று போட்டிருந்தீர்கள். கடிதம் எழுதினேன். வரவில்லை. குறுக்கெழுத்துப் பக்கத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ராசிபலனை இரண்டு பக்கமாக்கினீர்கள். அதற்கும் எழுதினேன். வீடியோ கேம் என்று எது வந்தாலும் கூடவே ‘பிள்ளைகள் கெடுகிறார்கள்’ என்று ஒரு பெட்டிச் செய்தி போடுகிறீர்கள். வீட்டில் என் மைத்துனர் அதை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டுகிறார். எனக்கு வயது எழுபத்திரண்டு.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலுக்குப் போனேன். புத்தம் புதுப் பேக்மேன் பெட்டி. ஆசையாக நின்றேன். எட்டுத் திசைக்கும் போகிற ஜாய்ஸ்டிக்கை அதில் மாட்டிவைத்திருக்கிறார்கள்! இந்த ஆட்டத்துக்கு நான்கு திசை போதும். வளைவு வருமுன்னே கையைத் திருப்பிவைத்து மூலையை உரசிக்கொண்டு திரும்புவதில்தான் பேயைவிட ஓரடி முந்த முடியும். எட்டுத் திசைக் கம்பி மூலைவாட்டில் போய்த் தடுமாறும், ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். அங்கிருந்த பையனிடம் சொன்னேன். “அது பழைய கேம் சார், அப்படித்தான் இருக்கும்” என்றான். பேத்தி மூன்று ஆட்டத்தில் “போரடிக்குது தாத்தா” என்றாள். அந்தப் பையன் தங்கள் இதழைப் படிப்பவனாக இருப்பான்.

கடைசியாக அந்தப் படம். கட்டுரைக்குப் பக்கத்தில் பேக்மேன் என்று போட்டிருக்கிறீர்களே, அதன் தலையில் சிவப்பு ரிப்பன் இருக்கிறது. அது மிஸ் பேக்மேன். 1982-ல் அமெரிக்காவில் வந்த வேறு ஆட்டம். அதில் சிவப்பும் இளஞ்சிவப்பும் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் உண்மையாகவே சீட்டுக் குலுக்கினதுபோல அலையும். கட்டுரையாளர் எதைப் பார்த்து எதை எழுதினார் என்பது எனக்கு இப்போது விளங்கிவிட்டது.

அடுத்த இதழில் படத்துக்கு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். முடிந்தால் குறுக்கெழுத்தையும் கொண்டுவாருங்கள். சந்தாவை நிறுத்தவில்லை, மார்ச் வரை கட்டியிருக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் எலெக்ட்ரீஷியன்,
தூத்துக்குடி