காசிரங்கா: சிக்கல் வெள்ளத்தில் இல்லை

ஐயா,

அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் வெள்ளம் புகுந்ததைப் பேரழிவாகச் சித்தரித்த செய்தியைப் படித்தேன். பிரம்மபுத்திராவின் வெள்ளம் அந்தக் காட்டுக்குப் பகை அல்ல. பீல் எனப்படும் ஏரிகளில் மண்டும் ஆகாயத்தாமரையை அடித்துச் செல்வதும், வண்டலைப் பரப்புவதும், புல்வெளி மரக்காடாக மாறாமல் தடுப்பதும் அதுதான். அந்தப் புல் இல்லையேல் ஒற்றைக்கொம்பு காண்டாமிருகமும் சதுப்பு மானும் அங்கே இல்லை. சிக்கல் தெற்கு எல்லையில் இருக்கிறது. நீர் ஏறியதும் விலங்குகள் கார்பி ஆங்லாங் மலைகளுக்குச் செல்ல வேண்டும். இடையில் தேசிய நெடுஞ்சாலை. அங்கே அடிபட்டு இறப்பவற்றில் பன்றி மான்களே அதிகம்.

வெள்ளக் காலத்தில் 40 கி.மீ. வேக வரம்பும், நுழைவு நேரம் குறித்து ஓட்டுநரிடம் தந்து, வெளியேறும்போது சரிபார்க்கும் சீட்டும் நடைமுறையில் உள்ளன. ஆனால் சீட்டு சராசரி வேகத்தைத்தான் காட்டும்: விலங்குகள் கடக்கும் இடத்தில் விரைந்த லாரி, பிறகு தேநீர்க் கடையில் சற்று நேரம் நின்றால் கணக்கு சரியாகிவிடும். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, தூண்கள்மேல் செல்லும் சுமார் 34 கி.மீ. உயர்மட்டச் சாலை வரவேற்கத்தக்கது. அது முடியும்வரை பன்பாரி, ஹல்திபாரி, காஞ்சன்ஜுரி ஆகிய விலங்கு வழித்தடங்கள் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் தனித்தனியே நேரம் பதிய வேண்டும். வெள்ள நாள்களில் கனரக வாகனங்களை இரவில் நிறுத்திவைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வழித்தடங்களில் தூண் வேலையும் கூடாது.