‘நன்றி: இணையம்’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய தியேட்டர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சினிமா ரசிகர்கள் சேர்ந்து எழுதி நடத்தும் ஒரு விக்கி இணையதளத்தைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நியாயமான பாராட்டு. அந்தப் பையன்கள் ராத்திரி கண்விழித்து வேலை பார்க்கிறவர்கள். ஆனால் அந்த விக்கியிலிருந்து எடுத்து நீங்கள் போட்டிருந்த மதுரை தங்கம் தியேட்டர் படம் நான் எடுத்தது. அதன் கீழே ‘நன்றி: இணையம்’ என்று இருந்தது.

திண்டுக்கல்லில் 31 வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன் நான். 1952ல் ‘பராசக்தி’யோடு திறந்த அந்த தியேட்டரை, ஆசியாவிலேயே பெரியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அது பூட்டிக் கிடந்த காலத்தில், ஒரு கல்யாண ஆர்டர் முடித்துத் திரும்பும்போது ரோலில் 2 பிரேம் மிச்சம் இருந்தது. இரண்டையும் அதற்கே செலவழித்தேன். ஒன்று ஆடிவிட்டது, மற்றது தேறியது. பின்னாளில் தியேட்டரையே இடித்துவிட்டார்கள்.

அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றினேன். ‘கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0’ என்ற உரிமம் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், விலைக்கு விற்கிற புத்தகத்திலும் போடலாம். எனக்குக் காசு வேண்டாம். எடுத்தவர் பெயரைப் போட வேண்டும், உரிமம் எது என்று குறிப்பிட வேண்டும், படத்தை மாற்றியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

ரசிகர் விக்கிக்கு அந்தப் படம் வாட்ஸ்அப் வழியாகப் போயிருக்கிறது. அப்படிப் போட்டோவாக அனுப்பினாலே கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயரும் தேதியும் உதிர்ந்துவிடும். போதாததற்கு, கீழ்ப்பகுதியில் சிறிதாக இருந்த என் பெயரை யாரோ வெட்டிவிட்டார்கள். கூடவே வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளும் போய்விட்டது. நான் படம் எடுத்ததே பாதி அந்தச் சைக்கிளுக்காகத்தான்.

அந்த விக்கியில் கருத்துச் சொல்வதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். நிர்வாகி ஒரு கல்லூரி மாணவர். மரியாதையாகப் பதில் போட்டார். “சார், எங்க விக்கி மொத்தமும் கிரியேட்டிவ் காமன்ஸ்தானே? பக்கத்துக்குக் கீழயே போட்டிருக்கே?” என்று கேட்டார். முடிச்சு இங்கேதான் விழுகிறது. கீழே இருக்கும் அந்த வரி ரசிகர்கள் தங்கள் கையால் எழுதிய கட்டுரைகளுக்கு. படம் அப்படியல்ல. ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் வேறு, உரிமம் வேறு. தன்னுடையதைத்தான் ஒருவர் பொதுவுக்குக் கொடுக்க முடியும்.

அதே விக்கியில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். ஒரு கறுப்பு வெள்ளை சினிமாவின் ஸ்டில், அதாவது விளம்பரத்துக்காக எடுத்த போட்டோ. எடுத்த ஸ்டில்ஸ்காரர் பெயரைத் தேடிப்பிடித்து அக்கறையாகப் போட்டிருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்தது. தியேட்டர் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் குண்டூசி குத்தி வைத்திருந்த ஸ்டில்களைப் பார்த்துவிட்டுத்தானே நாமெல்லாம் டிக்கெட் எடுத்தோம்? ஆனால் பக்கத்திலேயே ‘கட்டற்ற உரிமம்’ என்று ஒரு முத்திரையையும் ஒட்டியிருந்தார்கள். அதைக் கொடுத்தது யார்?

1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவர்தான் முதல் உரிமையாளர். ஸ்டில்ஸ்காரருக்குச் சம்பளம் கொடுத்தவர் தயாரிப்பாளர். ஆகவே அனுமதி அவரிடம் வாங்க வேண்டும். ஆனால் 57ஆம் பிரிவு, உரிமை கைமாறிப் போன பிறகும் ‘இதை எடுத்தவன் நான்’ என்று சொல்லும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. பெயர் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது. அனுமதி வாங்கிவிட்டோம் என்று பெயரை விடவும் கூடாது. என் படத்தில் பெயர் விட்டுப்போனது, அந்த ஸ்டில்லில் அனுமதி விட்டுப்போனது.

‘பழைய படம்தானே’ என்பதும் செல்லாது. முன்பு போட்டோவுக்கு வெளியான பிறகு 60 வருஷம் என்று கணக்கு இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் ஆயுள் முழுக்க, அவர் காலத்துக்குப் பின் இன்னும் 60 வருஷம்.

தயாரிப்புக் கம்பெனியே மூடிப்போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த மாணவர் வருத்தப்பட்டார். அவர் கஷ்டம் புரிகிறது. அந்த சினிமாவை அலசி எழுதும் கட்டுரையில் மட்டும் ஸ்டில்லைச் சிறிய அளவில் போடுங்கள், உரிமை தயாரிப்பாளருடையது, விமர்சனத்துக்காக எடுத்தாண்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள் என்றேன். 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு அந்த இடத்தைக் கொடுக்கிறது. பொய்யான உரிம முத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதை நம்பி ஒரு சிறுபத்திரிகைக்காரர் அட்டையில் அச்சடித்துவிட்டால், வக்கீல் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

4 நாளில் சரி செய்துவிட்டார்கள். ஸ்டில்லில் இருந்த முத்திரையை எடுத்துவிட்டார்கள். என் படத்துக்குக் கீழே இப்போது இப்படி இருக்கிறது: ‘படம்: ம.செ., விக்கிமீடியா காமன்ஸ், கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0, கீழ்ப்பகுதி வெட்டப்பட்டது’. உரிமத்தின் பெயரைத் தொட்டால் உரிமப் பக்கம் திறக்கிறது. இதற்கு ஒரே ஒரு வரி இடம் போதும்.

தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால், நிபந்தனையை மீறியதால் போன பயன்படுத்தும் உரிமை தானாகவே திரும்பக் கிடைத்துவிடும் என்று 4.0 உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அதை எண்ணிக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் மேலே சொன்ன அந்த ஒரு வரியைத் திருத்தமாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். சைக்கிளோடு இருக்கும் முழுப்படம் காமன்ஸில் இருக்கிறது. இடம் இருந்தால் அதையே போடுங்கள்.

ம.செ.,
திண்டுக்கல்