மரம் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கோரம் இல்லை. பொங்கல் விழாவும் மாணவர் ஓவியப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன.

நெய்வேலிச் சுரங்க மண்மேட்டில் செய்த நடவுக்கு வருகிறேன். 'வேம்' (VAM) என்ற வேர்ப்பூஞ்சை உரம் வாங்கியது வீண்செலவு என்று என் காதுபடவே பேசினார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெய்வேலியில் 1957-இல் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டத் தொடங்கினார்கள். அன்று முதல் அடிமண் மேலே வந்து மேடாகக் குவிகிறது. அதில் மட்கும் கிடையாது, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும் கிடையாது. முன்பு அங்கே நாம் நட்ட கன்றுகள் தண்ணீர் ஊற்றியும் கருகின. அதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள், வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்து மரத்துக்குக் கொடுக்கும். கூலி, மரத்தின் சர்க்கரை. நாக்பூர் பக்கம் கும்காவ் மாங்கனீசுச் சுரங்கத்தில் நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் பிரஸ்மட் என்ற சர்க்கரை ஆலைக் கழிவோடு வேர்ப்பூஞ்சையும், தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவும் இட்டு மரம் வளர்த்தது நான் கட்டிய கதையல்ல.

உயிருள்ள வேர் இல்லாமல் வேம் பெருகாது. என் மாடித் தொட்டிகளில் சோளம் இருப்பது அதற்காக, கோழித்தீவனத்துக்காக அல்ல. 'காளான் எங்கே' என்று கேட்ட பொருளாளருக்கும் சொல்லிவிடுகிறேன்: இந்த இனம் குடை விரிக்காது. வேரை வேகவைத்து நீலச்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

ஐப்பசியில் புங்கனும் வேம்புமாக 200 கன்றுகள் நட்டோம். பாதிக்கு வேம் இட்டோம், மீதிக்கு இடவில்லை. உறுப்பினர்கள் 74 பேர். நடவுக்கு வந்தவர்கள் 9. அதில் இருவர் வடை வந்த பிறகு வந்தார்கள். பிறகு ஓர் அன்பர், யாரையும் கேட்காமல், வேம் இட்ட வரிசைக்கு சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டார். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் மரம் பூஞ்சையைச் சேர்க்காது. ஒப்பீடு அத்தோடு போயிற்று. ஆனாலும் அவர் கை படாத மூலையில் உள்ள புங்கன்களைத் தயவுசெய்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வரவு செலவு ஏறத்தாழச் சரிக்கட்டியிருக்கிறது, விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவை மூன்றாண்டைத் தாண்டியவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. நாற்று தந்தவர்களுக்கும் தண்ணீர் வண்டிக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் மாடிச் சாவியைத் தரத் தயார். தினமும் இருவேளை தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ரசீதுப் புத்தகம் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடியும் வரை வாசலருகே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்