காந்தக் கத்தரிக்கோல் வாங்கிய எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பான சலூன்கார அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுக் காக்காமாருக்கும், அழகு நிலையம் நடத்தும் அக்காமாருக்கும் வணக்கம், ஸலாம்.

வழமையாக நான் உங்களுக்கு எழுதுவது பில் மட்டும்தான். அதிலும் பாதிப் பில்லில் "பிறகு தாறன்" என்று நீங்கள் சொன்னதைத்தான் குறித்து வைத்திருப்பேன். இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஸ்குரூவுக்குப் பதிலாகக் காந்தம் வைத்து நான் செய்கிற கத்தரிக்கோலைக் குறை சொல்லும் அந்தக் குரல் பதிவு. வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரை சலூன்காரர்கள் இருக்கிற வட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அது சுற்றிவிட்டது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் சிரிக்கிற பொம்மையும் போட்டு. பேசியவர் யார் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய தகப்பனாரின் சவரக்கத்தியை என் தகப்பனார் தீட்டிக் கொடுத்திருக்கிறார். அது போதும்.

கத்தரிக்கோல் வெட்டும்போது கழன்று விழுகிறது என்கிறார், காந்தத்தால் முடி ஒட்டுகிறது என்கிறார். இரண்டையும் பிறகு பேசுவோம். என்னை இரண்டு இரவு நித்திரை கொள்ள விடாதது அடுத்ததாக அவர் சொன்னதுதான்: "சீனாக் கத்தரிக்கோலில் ஸ்குரூவைக் கழற்றிப் போட்டு, பிரிட்ஜில் ஒட்டுற காந்தத்தை ஒட்டி விக்கிறான்."

பிரிட்ஜ் காந்தமாம்! பிரிட்ஜ் கதவில் மாம்பழப் பொம்மையோடு ஒட்டிக் கிடப்பது பெரும்பாலும் பெரைட் என்கிற மலிவான காந்தப் பொருளின் தூளை ரப்பரோடு சேர்த்து அழுத்திய பொருள். ஒரு கடதாசியைத் தாங்கும், இரண்டாவதைப் போட்டால் வழுக்கும். ஒரு கத்தரிக்கோலின் இரண்டு அலகையும் சேர்த்துப் பிடிக்க அதனால் ஏலாது. நான் முதலில் போட்டது நியோடைமியம் காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிட்டோமோவிலும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டுபிடித்தது. சோளப்பொரி அளவுத் துண்டு இரண்டு ஒட்டிக்கொண்டால் நகத்தால் பிரிக்க முடியாது. அதற்குப் பிறகு மாற்றிய காந்தம் அதைவிட விலை கூடியது. பிரிட்ஜில் ஒட்டுகிற காசுக்கா இதை எல்லாம் வாங்குகிறேன்?

அலகு சீனா இல்லை. பாகிஸ்தானின் சியால்கோட்டில் இருந்து வருகிறது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளும் கத்தரிக்கோலும் செய்து உலகம் முழுக்க அனுப்புகிற ஊர் அது. இதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அங்கிருந்து வருவது வெறுமனே அடித்த அலகு. துளை இருக்காது, கூர் இருக்காது. அச்சைக் கடைவது, காந்தத்துக்குக் குழி எடுப்பது, உள்பக்கத்தைக் குழிவாகத் தேய்ப்பது, கூர் வைப்பது, இரண்டு அலகையும் ஒன்றுக்கொன்று இசைய வைப்பது எல்லாம் இந்தத் தகரக் கொட்டிலுக்குள்தான். ஒரு சோடிக்கு இரண்டு முழு நாள் போகும். சந்தேகம் உள்ளவர் வந்து குந்தியிருந்து பார்க்கலாம், தேத்தண்ணி தருவேன். காந்தம் சீனாவில் இருந்துதான் வருகிறது, சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். உலகத்தில் இந்தச் சாதிக் காந்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் செய்யப்படுகிறது. நான் மட்டும் வேறு எங்கே போவது? அலகில் "ஜப்பான்" என்று பொறித்துச் சந்தையில் விற்கிற கத்தரிக்கோலைப் பற்றி எவரும் குரல் பதிவு போட்டதாகத் தெரியவில்லை.

இந்த யோசனை வந்ததே உங்கள் கத்தரிக்கோல்களைக் கழுவிக் கழுவித்தான். சாணைக்கு வருகிற கத்தரிக்கோலின் ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். முடித்தூள், எண்ணெய், பவுடர், துரு, எல்லாம் சேர்ந்து கறுத்த களி. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பார்ப்பது வெளிப்பக்கத்தைத்தான். ஒவ்வொரு நாளும் கழற்றித் துடையுங்கள் என்று உங்களிடம் சொல்லவும் முடியாது. கழற்றினால் பழைய இறுக்கத்துக்குத் திருப்பிப் பூட்டுவது பெரும்பாடு. கொஞ்சம் கூட இறுக்கினால் பின்னேரம் பெருவிரல் நோகும். கொஞ்சம் தளர்ந்தால் முடியை வெட்டாமல் மடித்து உள்ளே இழுக்கும். ஸ்குரூவே இல்லாமல், கையால் பிரித்துக் கழுவித் துடைத்து, திருப்பிப் பொருத்தினால் அதே இறுக்கம் வரவேண்டும். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் ஒரே ஒரு வட்டக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். சேரும்போது "டக்" என்று விரலைக் கடித்தது, பிரிக்க ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது. பிறகுதான் இப்போதுள்ள அமைப்பு வந்தது. ஓர் அலகில் தடித்த உருக்கு அச்சு நிற்கிறது, மற்ற அலகின் துளை அதன்மேல் வந்து குந்துகிறது. முடியை நறுக்கும்போது அலகுக்கு வருகிற தள்ளு அந்த அச்சில்தான் விழும். காந்தத்தின் வேலை, முடிக்கற்றை நடுவில் புகுந்து அலகுகளை விரிக்காமல் நெருக்கிப் பிடிப்பது மட்டும். முன்பு ஸ்குரூவும் அதன் கீழே இருந்த ஸ்பிரிங் வாசரும் செய்த வேலை அது. அச்சைச் சுற்றி அரைவட்டம் அரைவட்டமாக இரண்டு காந்தம் இருக்கிறது. ஒன்றின் முகம் வடக்கு, மற்றதின் முகம் தெற்கு. எதிர் அலகில் அதற்கு மாறாக. வாய் மூட மூட வடக்கும் தெற்கும் நேருக்கு நேர் வந்து இழுவை கூடும். நுனியால் வெட்டுகிற நேரம்தான் அலகு விலகப் பார்க்கிற நேரம், அப்போதுதான் இறுக்கமும் கூட இருக்கிறது. செங்கோணத்தைத் தாண்டி விரித்தால் வடக்கும் வடக்கும் சந்தித்து ஒன்றையொன்று தள்ளிவிடும், கத்தரிக்கோல் இரண்டாகக் கையில் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த இரவு நான் மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இதால மீன் வெட்டலாமா?" என்று கேட்டார்.

இனிக் கழன்று விழுந்த கதை. நோன்புப் பெருநாளுக்கு முதல் இரவு, சலூன் நிறையச் சனம், ஓர் அலகு கழன்று வாடிக்கையாளர் ஒருவரின் காலில் விழுந்தது உண்மைதான். பெருவிரலில் கீறல். அந்தப் பெரியவரை நான் தேடிப் போய்ப் பார்த்தேன். "உன்ட சாமானா தம்பி, கூர் நல்லாத்தான் இருக்கு" என்றார். முடி வெட்டும்போது யாரும் கத்தரிக்கோலைச் செங்கோணத்துக்குத் திறப்பதில்லை. ஆனால் சீப்பை மாற்றுகிற இடைவெளியில் கத்தரிக்கோலை விரலில் சுழற்றுகிற தம்பிமார் இருக்கிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும், வாடிக்கையாளரும் கண்ணாடியில் ரசிப்பார். காந்தக் கத்தரிக்கோலோடு மட்டும் அந்த வித்தை வேண்டாம், சுழற்றினால் வாய் விரியும், விரிந்தால் பறக்கும். அன்றைக்கு அந்தத் தம்பி சுழற்றினாரா என்று நான் கேட்கவில்லை. விழுந்தது 22ஆம் இலக்கம். சுழற்றினாலும் சுழற்றாவிட்டாலும், கைப்பிடியின் உள்பக்கம் 1 முதல் 36 வரை இலக்கம் இருந்தால் காந்தத்தின் பசை இளகக்கூடும், அவற்றைப் பாவிக்காமல் கொண்டு வாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறேன்.

முடி ஒட்டுகிறது என்பதற்கு நீளமாகப் பதில் தேவையில்லை. முடியைக் காந்தம் இழுக்காது. ஈரமோ ஜெல்லோ இருந்தால் எந்த அலகிலும் முடி ஒட்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிளாஸ்டிக் சீப்பால் வாரினாலே முடி எழும்பிக் கையில் ஒட்டுகிறது, அதற்கும் காந்தமா காரணம்? ஆனால் கிளிப்பும் கொண்டை ஊசியும் ஓடி வந்து ஒட்டும். மணப்பெண் அலங்காரம் செய்கிற அக்காமார் அந்த வேலைக்கு உங்கள் பழைய ஸ்குரூக் கத்தரிக்கோலையே வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையோடு ஒரே பையில் போடாதீர்கள், அட்டையின் பின்பக்கக் கறுப்புப் பட்டி கெட்டுப் போகலாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைச் சேர்ட் பையில் வைக்கவே கூடாது. அப்படியான வாடிக்கையாளர் கதிரையில் இருந்தால் அவர் நெஞ்சில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இதைக் கொண்டு போகாதீர்கள். இன்னும் நல்லது, அவருக்கு வேறு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இதில் விளையாட்டு இல்லை.

காந்தத்தை ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும், விலைக் கதை அங்கேதான் தொடங்குகிறது. நியோடைமியத்தில் பெரும்பகுதி இரும்பு. நிக்கல் பூச்சு எங்காவது உடைந்தால் உள்ளே துரு பிடித்து மாவாகக் கொட்டும். நம்முடைய ஊரில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், மாரிகாலத்தில் சுவரே வியர்க்கும். போதாததற்கு, சாதாரண நியோடைமியம் 80 பாகை வெப்பத்துக்கு மேலே போனால் இழுவையை இழக்கத் தொடங்கும். கொதிநீரில் போடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். போட்டீர்கள். சுத்தம் கருதித்தானே போட்டீர்கள், அதில் உங்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கழுவ வசதியாக இருக்கும் என்று சொல்லி விற்ற சாமான் கொதிநீரைத் தாங்க வேண்டும். அதனால் 37ஆம் இலக்கத்தில் இருந்து சமாரியம் கோபால்ட் காந்தம் போடுகிறேன். இது நியோடைமியத்துக்கு மூத்தது, இழுவை கொஞ்சம் குறைவு, அதனால் தடிப்பைக் கூட்டினேன். கொதிநீர் இதற்கு வெந்நீர்க் குளியல் மாதிரி, உப்புக்காற்றுக்கும் அசையாது. சீமெந்துத் தரையில் விழுந்தால் மட்டும் பீங்கான் போல விளிம்பு உடையும்.

அந்தக் கையிருப்பு முடிகிற நேரம் பார்த்து, 2025 ஏப்ரலில் சீனா 7 வகை அருமண் உலோகங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சட்டம் போட்டது. சமாரியம் அந்த ஏழில் ஒன்று. பெரிய நாடுகளின் சண்டையில் கல்லடிக் கத்தரிக்கோல் மாட்டிக்கொண்டது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் போனபோதும் நான் சாணைக் கூலியைத்தான் கூட்டினேன், அதுவும் எல்லோருக்கும் பிறகு. 2024 தையில் வற் வரி 18 சதவீதம் ஆனதும் கொழும்பில் இருந்து வருகிற ஒவ்வொரு சாமானிலும் அது ஏறி வந்தது. இனித் தாங்க ஏலாது. அடுத்த மாதம் முதல் காந்தக் கத்தரிக்கோல் சோடி 14,500 ரூபா அல்ல, 18,000 ரூபா. ஏற்கெனவே முற்பணம் தந்தவர்களுக்குப் பழைய விலைதான். வாழ்நாள் இலவசச் சாணை இனி இரண்டு வருட இலவசச் சாணை.

முன்பெல்லாம் சாணைக்குக் கொடுத்தால் அன்று பின்னேரமே எடுத்துப் போவீர்கள். இப்போது ஒரு கிழமை ஆகிறது, மன்னிக்க வேண்டும். என்னோடு ஒன்பது வருடம் நின்ற தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இரண்டு தங்கச்சிமார் இருக்கிறார்கள். கூர் வைப்பதில் அவருடைய கை என்னுடையதைவிட மென்மை, இதை அவர் இருக்கும்போது நான் சொல்லவில்லை. புதிதாக ஒரு பிள்ளை பழகுகிறார். காந்த அலகில் சாணைத்தூள் எல்லாம் ஓடி ஒட்டும், அதைத் துடைத்து எடுக்கப் பொறுமை வேண்டும், பழகிக்கொண்டு வருகிறார்.

இன்னொன்று. பிரித்துக் கழுவும்போது சோடியை மாற்றாதீர்கள். இரண்டு அலகையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துத்தான் பொருத்தியிருக்கிறேன். ஒரு சலூனில் மூன்று சோடியையும் ஒரே பாத்திரத்தில் கழுவி, கையில் வந்ததை எல்லாம் பூட்டிவிட்டு, "ஒன்றும் வெட்டுதில்லை" என்று போன் எடுத்தார்கள். இலக்கம் பார்த்துப் பூட்டினோம், மூன்றும் வெட்டின.

2004 மார்கழியில் கடல் வந்தபோது இந்தப் பட்டறையில் மிஞ்சியது சாணைக்கல் ஒன்றுதான். தை முடியுமுன்னே துருப்பிடித்த கத்தரிக்கோல்களோடு வந்து, வேலை தொடங்காமலே காசு வைத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். சிலருடைய வீட்டிலும் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதை நான் யாரிடமும் பேசுவதில்லை, மறந்ததும் இல்லை. களுவாஞ்சிகுடியில் இருந்து வருகிற பெரியவர் இன்றுவரை காந்தக் கத்தரிக்கோலைத் தொடவில்லை, "இது சின்னப்பிள்ளையள்ற சாமான்" என்பார், ஆனால் வரும்போதெல்லாம் எருமைத் தயிர் முட்டியோடு வருவார். குரல் பதிவைக் கேட்ட அன்றே, "நாங்க பாவிக்கிறம், ஒண்டும் விழல்ல" என்று குழுவில் பதில் போட்ட ஏறாவூர் அக்காவுக்கும், அக்கரைப்பற்றில் இருந்து பஸ்ஸில் பார்சல் அனுப்பி மூன்று நாள் கத்தரிக்கோல் இல்லாமல் பொறுத்திருந்த காக்காவுக்கும் நன்றி. குரல் பதிவு போட்டவரும் வரலாம். அவருடைய சோடி 31ஆம் இலக்கம்.

கல்முனைப் பக்கத்தில் உள்ளவர்கள் வழமைபோலப் பஸ்ஸில் கொடுத்துவிடலாம். இரண்டு அலகையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றி, ஒரே பொதியில் போடுங்கள். ஞாயிறு பட்டறை பூட்டு.

இப்படிக்கு,
உங்கள் சாணைக்காரன்

பி.கு.: இடக்கைக்காரருக்குச் செய்த சோடி ஒன்றின் மேல் அலகு மட்டும் இரண்டு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. 58ஆம் இலக்கம், பெருவிரல் வளையத்தில் நீலக் குஞ்சம் கட்டியிருக்கிறது. வேறு எந்த அலகோடும் அது சேராது. யாரோ பாதிக் கத்தரிக்கோலோடு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள், வந்து எடுத்துப் போங்கள்.