கிரஷர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: போல்ட்டை எடை போட்டு வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல் கிரஷர் உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஜல்லி சலிக்கும் அதிர்வுச் சல்லடைகளைப் பழுதுபார்ப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சல்லடையின் பக்கத்தகட்டில் போல்ட் அறுந்தால், ஸ்டோரிலிருந்து கடைக்குப் போகும் சீட்டில் 'எம் 16 போல்ட், 5 கிலோ' என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள். 16 மி.மீ. என்ற பருமனைக் கேட்கிறோம், தரத்தைக் கேட்பதில்லை. அந்தச் சீட்டை மாற்றும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் 8.8, 10.9 போன்ற எண்கள் அதன் வலிமையைச் சொல்பவை. எண் ஏதும் இல்லாத போல்ட்டை 4.6 தரத்துக்கு மேல் நம்பக் கூடாது. எம் 16 அளவில் 4.6 போல்ட் ஏறக்குறைய 3.8 டன் இழுவிசையிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அதே பருமனுள்ள 8.8 போல்ட்டோ 10 டன் வரை தாங்கும். இரு தகடுகளும் நகராதபடி அழுத்திப் பிடிப்பதுதான் போல்ட்டின் வேலை என்பதால், இந்த வேறுபாடு அற்பமானதன்று. பிடி தளர்ந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர, போல்ட் ஒவ்வோர் அதிர்விலும் வளைந்து நிமிர்ந்து, நட்டு தொடங்கும் முதல் மரையில் மெல்ல விரிசல் விட்டு அறுந்துபோகிறது. வலுவான போல்ட்டை வாங்கிவிட்டு, அதைக் கைக்குத் தோன்றிய அளவில் இறுக்கினாலும் இதே கதிதான்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட்டு கழலாது என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. பக்கவாட்டு அதிர்வில் நட்டு தானே சுழன்று கழல்வதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969இலேயே சோதனையால் காட்டினார். அத்தகைய சோதனைகளில் ஸ்பிரிங் வாஷர் ஏறக்குறைய பயனற்றதாகவே நிற்கிறது. அதைவிடக் கேடான வழக்கம், நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வெல்டிங்கில் ஒரு பொட்டு வைப்பது. 8.8 போல்ட்டும் அதற்கு மேற்பட்டவையும் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தியே வலுவூட்டப்பட்டவை. அந்த ஒரு பொட்டுச் சூடு பதத்தைக் கெடுத்து, விரிசலுக்கும் இடம் கொடுக்கிறது. (நானும் இளமையில் இதைச் செய்தவன்தான்.) பக்கத்தகட்டில் தயாரிப்பாளர் லாக்போல்ட் (நட்டுக்குப் பதில் ஒரு வளையத்தை நசுக்கிப் பிடிக்கவைக்கும் வகை) பொருத்தியிருந்தால், அவருடைய கையேட்டைக் கேட்டு வாங்கி, அதில் அனுமதித்துள்ள மாற்றுப் போல்ட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடுவோரும் உண்டு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை நீளத் தொடங்கும் எல்லை 450 மெகாபாஸ்கல் (பரப்புக்கு இவ்வளவு விசை என்று சொல்லும் அலகு); 8.8 போல்ட்டுக்கு அது 640. துருப்பிடிக்காவிட்டாலும் வலிமையில் ஏ2-70 குறைந்ததுதான்.

எனவே, சீட்டில் பருமன், நீளம், மரை இடைவெளி, தரம், நட்டின் தரம் ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும் என்று சங்கம் முடிவெடுக்க வேண்டும். 8.8 போல்ட்டுக்கு 8ஆம் தர நட்டு வேண்டும். நட்டு மட்டமானால் அதன் மரை உரிந்துவிடும். சிறிய கிரஷர்களுக்காகச் சங்கமே இரண்டு டார்க் ரெஞ்சுகளை (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வாங்கி வைக்கலாம். பழுதுபார்த்த பின் முதல் ஷிப்ட் முடிந்ததும் சல்லடையை நிறுத்தி, இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க ஃபிட்டருக்கு அரைமணி நேரம் கொடுங்கள். நான் பணியில் இருந்தவரை பலமுறை கேட்டும் கிடைக்காதது அந்த அரைமணி நேரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு ஃபிட்டர் ஒருவர்