முன்பின் தெரியாத வீட்டில் ஓர் இரவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பையில் யாருக்கும் யாரும் இல்லை என்று ஊரில் சொல்லி அனுப்புவது இன்றும் தொடர்வதால், என் அனுபவத்தை எழுத விரும்புகிறேன். நான் தென்காசியிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது 2005 ஜூன் மாதத்தில். மராட்டியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அடுத்த மாதம் 26ஆம் தேதி, சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான அன்று, குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே மின்ரயில் நின்றுவிட, மார்பளவு நீரில் எவரெவரோ கைகோத்து அமைத்த மனிதச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தேன். சாலையோரத்தில், 'சால்' எனப்படும் ஒற்றை அறை வீடுகள் நிறைந்த மாடிக் கட்டடம் ஒன்றின் படியில் நின்றிருந்த மூதாட்டி, என் பெயரைக்கூடக் கேட்காமல், "யே பாளா" என்று உள்ளே அழைத்தார். 'வா குழந்தாய்' என்பது அதன் பொருள் என்று பிறகுதான் அறிந்தேன். பத்துக்குப் பத்து அடியே இருந்த அந்த அறையில் ஏற்கெனவே ஏழு பேர் ஒதுங்கியிருந்தனர். அத்தனை பேருக்கும் பாலில்லாத் தேநீரும், இருந்த அரிசியில் வடித்த சோறும் கிடைத்தன. மறுநாள் அவருடைய மகன் என்னை மாட்டுங்கா வரை நடந்தே கொண்டுவந்து விட்டார். பணம் நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார். (அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.)

அந்த ஆஜி (மராட்டியில் பாட்டி) இப்போது இல்லை. ஆனால் ஆண்டுதோறும் பொங்கலன்று என் மனைவி முதலில் எடுத்துவைப்பது அவர்கள் வீட்டுக்கான பாத்திரத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை.